பட்டன் என்ன பாவம் பண்ணிச்சு?

ஹலோ... ஹலோ? கேக்குதா?... ஆமாங்க, நான்தான் இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தது. பாட்டைப் போட்டே காதைச் செவிடாக்கிட்டீங்க... ரேடியோவா? ஆமா, சமையக்கட்டுல ஓடுது. குறைக்கணுமா? இருங்க... ம், இப்போ?... சரி, சரி.

பேரு வெர்னா. வெர்னா மார்ச்சுக்... ஆமா. ஆமாங்கறேன், அவர் சம்சாரமேதான். சம்மட்டி மார்ச்சுக்கைக் கட்டிக்கிட்ட மகராசி... ரொம்ப சந்தோஷப்படாதீங்க தம்பி, நான் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடலை.

உங்க பேரு கெல்வின்தானே? எந்த ஊரு?... டொராண்டோவா. அதானே பார்த்தேன்... இல்ல இல்ல, தப்பா ஒண்ணும் சொல்லலை. நல்ல ஊருதான். எங்க ஊரைப் பார்த்தா அங்க குளிரே கிடையாதாமே.

விஷயத்துக்கு வர்றேன். "ஐஸ் ஹாக்கியில சண்டைக்குன்னே இருந்த பத்துப் பெரிய அடியாளுங்க"ன்னு காலையிலேர்ந்து பத்தாவதுல தொடங்கி ஒண்ணொண்ணா மேல ஏறி வர்றீங்களே, அதை யாரு எழுதினது?... நீங்களேவா? ஐஸ்ல என்னைக்காவது கால் வச்சிருக்கீங்களா?... டிவியில பார்த்ததா. நல்லா இருக்கு.

இல்ல, கேக்கறேன். ஒன்பதாவதுல அந்த கிளிஃபர்ட் டாக்கைப் போட்டீங்களே. அவன் கடிப்பான் தம்பி. குத்தவே மாட்டான், கடிப்பான். எங்க வீட்டுக்காரர் தோள்ல இன்னும் நாலு பல்லுத் தடம் இருக்கு. நாயைப் போய் மல்லனுங்க வரிசையில நிறுத்தலாமா?... சிரிக்காதீங்க. ஆறாவது, டெக்ஸ்டர் பூன். சண்டைன்னா கையுறையைக் கழட்டுவாங்க, அவன் கழட்டினதெல்லாம் மூக்குச் சிந்தத்தான்... ஆமா, நான் சொன்னேன்னே சொல்லுங்க, எனக்கென்ன பயம். நாலாவது ஸ்வீடன்காரன், அவன் சரி. ஒவ்வொரு குத்துக்கும் "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ"ன்னு சொல்லிக்கிட்டே குத்துவான். மரியாதை தெரிஞ்ச பையன். அவனை இன்னும் மேல போட்டிருக்கலாம்.

ம்... ம். அங்கதான் வர்றேன். ரெண்டாவது, ஓரெஸ்ட் மார்ச்சுக். முதலாவது, ரோமியோ தெரியோ... ரெண்டாவது போட்டதுல எனக்குக் கோவமே இல்ல. ரெண்டு கிடைச்சதே பெரிசு. ஆனா ஏன் ரெண்டாவதுன்னு ஒரு காரணம் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. ஊரே கேக்கட்டும்... ம்... ம்... கேட்டீங்களா? "பொண்டாட்டி தைச்ச பட்டன் பிய்ஞ்சு போச்சு. சட்டை தலைக்கு மேல ஏறிடுச்சு. ரோமியோ புகுந்து விளாசிட்டான். இல்லாட்டி சம்மட்டிதான் முதல்." இதானே?

இதை முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி.

உங்களுக்கு அந்தப் பட்டன் எங்க இருக்கும்னாவது தெரியுமா?... தெரியாது. சொல்றேன். சட்டைக்கு உள்பக்கம், முதுகுல கீழே, ஒரு பட்டை தொங்கும். அதைக் கால்சட்டை வாருக்குள்ள விட்டு வாங்கி, திரும்பச் சட்டையிலேயே பட்டன் போட்டு மாட்டணும். மாட்டிட்டா எவன் இழுத்தாலும் சட்டை மேல ஏறாது. மாட்டலைன்னா, கோழியைக் கூடை போட்டுக் கவுத்த மாதிரி தலைக்கு மேல கவுத்துட்டுக் குத்துவான். புரியுதா?... ஆ, அவ்வளவுதான்.

நான் என்ன பண்றேன் தெரியுமா? தையல் கடை. ஐஸ்ல கல்லைத் தள்ளி விளையாடுவாங்களே, அந்தக் கர்லிங் அரங்கத்துக்கு நேர் எதிர்ல. கல்யாண கவுன் வருது, கோட்டு வருது, கிழிஞ்ச கால்சட்டை வருது. குடுக்கும்போதே, "பட்டன் நிக்குமா வெர்னா?"ம்பான் ஒவ்வொருத்தனும். பாதிரியார் ஒரு தடவை பிரசங்கத்துலயே சொன்னார், விசுவாசம் வெர்னா தைச்ச பட்டன் மாதிரி இருக்கக் கூடாதுன்னு... ஆமா, கோயில்ல! முன் வரிசையில உக்காந்திருக்கேன் நான். எல்லாம் வரும் என் கடைக்கு, ஹாக்கிச் சட்டை மட்டும் வராது. இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக்கூட ஹாக்கிச் சட்டை இருக்கு. ஒண்ணே ஒண்ணு, இத்தனை வருஷத்துல ஒண்ணே ஒண்ணுகூட என் மேசைக்கு வந்ததில்ல.

இருங்க, முடிக்கலை. வர்ற சனிக்கிழமை நம்ம ஹாக்கி அரங்கத்துல அவர் சட்டையை மரியாதைக்காகக் கூரையில தொங்க விடறாங்களே?... ஆ, நீங்கதான் அறிவிப்பாளரா. ரொம்ப நல்லது. அதுக்காக அந்தச் சட்டையைத் துவைச்சுத் தரச் சொன்னாங்க. அவர் அதைக் கீழ பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிருந்தார். அந்தச் சண்டைக்கு அப்புறம் நேத்துத்தான் முதல் தடவையா என் கைக்கு வந்துச்சு. இதோ, மடியிலதான் இருக்கு. என்ன இருக்குன்னு சொல்லட்டுமா?

பட்டன் இருக்கு தம்பி.

... ஆமா! அதே பட்டன்! பச்சை நூல், மெழுகு போட்டது, என் முடிச்சு. அந்த முடிச்சை இருட்டுல தடவினாலே சொல்லிடுவேன். காஜா? காஜாவும் கிழியலை. இந்தாங்க, இழுக்கறேன், கேளுங்க... ம்ம்ப்... கேட்டுச்சா?... கேக்காது, ஏன்னா பிய்யலை! இதுல ஒரு மாட்டைக் கட்டலாம்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையாப் போச்சு என் பொழப்பு. பட்டன் என்ன பாவம் பண்ணிச்சு?... அதைத்தான் நானும் கேக்கறேன். அப்புறம் சட்டை எப்படி மேல ஏறுச்சு?

என்னது?... ரெண்டாவது லைன்ல யாரு? எங்க வீட்டுக்காரரா?... இருக்காதே. அந்த மனுஷன் நாய்க்குத் தீனி வாங்க... இருங்க, ஜன்னல்ல பார்க்கறேன்... அடப்பாவி! வாசல்லதான் நிக்குது வண்டி! வண்டிக்குள்ள உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கார்! இருபது அடி தூரத்துலேர்ந்து போன் பண்றாரா?... வானிலை படிக்கணுமா? படிங்க, படிங்க. மைனஸ் முப்பதுன்னு எங்களுக்கே தெரியும், இருந்தாலும் படிங்க... ரெண்டு பேரையும் சேர்த்து விடறீங்களா? இது ரேடியோவுல வராதுல்ல?... சத்தியமா?... சரி.

ஹலோ... யோவ்.

யோவ், கேக்குதா? நான்தான்... ஆமா, அந்தத் தம்பி வானிலைக்குப் போயிட்டான். யாரும் கேக்கலை. உள்ள வாயேன்யா... ஏன்?... மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாதா? சரி, அப்ப போன்லயே சொல்லு. பட்டன் போட்டியா, போடலையா?

... மறந்துட்டியா?

... மறக்கலையா. அப்புறம்?... போட்டேங்கறே. போட்டா எப்படி... என்ன?... சத்தமாப் பேசுய்யா, முணுமுணுக்காதே... நீயே கழட்டினியா? ரோமியோ வர்றதுக்கு முன்னாடி? உன் கையாலயா?

இரு... இரு, இரு, நான் உக்காந்துக்கறேன்.

எதுக்குய்யா?... ம்... ம்... சட்டை தலைக்கு மேல போனா நடுவருங்க உடனே வந்து பிரிச்சு விட்டுருவாங்க. ஆமா, அதான் வழக்கம், தெரியும். சீக்கிரம் முடியட்டும்னா?... ஏன், கை வலியா?... வலி இல்லையா. அப்புறம் என்ன?

... பயமா.

... இல்ல, சிரிக்கலை. நான் சிரிக்கலைய்யா. யாரு, நீயா?... ரோமியோகிட்டயா?... எல்லார்கிட்டயுமா?... என்னைக்குலேர்ந்து?... முதல் நாள்லேர்ந்தா.

இரு. ஒரு நிமிஷம். அப்ப ஆட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி சாயங்காலம் சாயங்காலம் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுப்பியே, அது?... ஓரெஸ்ட்! என் கோஸ் ரோல் ஒத்துக்கலைன்னு சொன்னியே! உங்கம்மாகிட்டச் சொன்னியே! உங்கம்மா என் சமையக்கட்டுல வந்து நின்னு, கோஸ் இலைக்குள்ள வச்ச அரிசி வேகலைன்னு எனக்குப் பாடம் நடத்தினாளே! அதுவும் நான்தானா? தையலும் நான், சமையலும் நான். ஒரு பயத்தை மறைக்க என்னை எத்தனை தடவைய்யா வித்தே?

... ம்.

... ம். சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

... சட்டைக்குள்ளயா? உள்ள அழுதியா?... அவன் குத்திக்கிட்டு இருக்கும்போதா?... யாரும் பார்க்க முடியாதுன்னுதான்... சட்டை மூடியிருந்துச்சுன்னு...

அட மடையா. அட என் மடையா.

எங்கிட்ட ஏன் சொல்லலை?... வயித்துல நம்ம பொண்ணு நாடியா இருந்தா. ஆமா, ஏழு மாசம். சொன்னா என்ன, பொறந்திருக்க மாட்டாளா?... நான் பயப்படுவேன்னா. யோவ், நான் அப்பவே பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ போற ராத்திரியெல்லாம் ரேடியோவை நிறுத்திட்டு, கிடைச்ச துணியைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பயந்திருக்கோம். சேர்ந்து பயந்திருந்தா விறகுச் செலவாவது மிச்சம்.

என்னது?... வேண்டாம்... வேண்டாம்ங்கறேன். நீ ஒண்ணும் ரேடியோவுல சொல்லிக் கிழிக்க வேண்டாம்... எனக்காகவா? இப்ப வந்துச்சாக்கும் ரோஷம்!... என் பேரைப் பத்தி எனக்குத் தெரியும். காலையில காபிக் கடையில உக்காந்திருக்குமே உன் கூட்டம், அவனுங்க வாயை யாரு மூடறது? ஊர்வாயை மூட உலைமூடி ஏது. சனிக்கிழமை அத்தனை பொடிசுங்க முன்னாடி உன் சட்டை மேல ஏறும்போது, பின்னாடி ஒருத்தன் "அழுமூஞ்சி"ன்னு கத்தினா நீ என்ன பண்ணுவே?... ஒண்ணும் பண்ண மாட்டே. நான்தான் போய்க் குத்தணும்.

சத்தம் போடாதே, யோசிக்கறேன்... பட்டன் பிய்ஞ்சுதுன்னு நானே ஒத்துக்கறதா? அது செத்தாலும் நடக்காது. பிய்யலைன்னு இப்பத்தான் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லியிருக்கேன்... இரு, அந்தத் தம்பி வந்துட்டான் போலிருக்கு. நீ போனை வை... வைய்யா. வச்சுட்டு ரேடியோவைக் கேளு.

ஆ, இருக்கேன் தம்பி... மைனஸ் முப்பத்தொண்ணா? பார்த்தீங்களா, ஒண்ணு கூடிடுச்சு... பேசிட்டேன். தீர்ந்துருச்சு... சொல்றேன், அவசரப்படாதீங்க. இப்போ எல்லாரும் கேக்கறாங்கல்ல? காபிக் கடையில?... பாதிரியார் வீட்டுல ரேடியோ இருக்கா? நல்லது.

அவர் பட்டனை ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டுப் போனார். அவிழ்ந்ததுக்குக் காரணம் நான். வேணும்னே பண்ணினேன்.

... ஆமா, நான்தான்! சண்டைக்கு முந்தின ராத்திரி அந்தக் காஜாவைக் கொஞ்சமே கொஞ்சம் பெரிசா வெட்டினேன். பட்டன் போட்டா மாட்டின மாதிரிதான் இருக்கும். ஒருத்தன் வேகமா இழுத்தா வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும்... இப்பத்தான் கிழியலைன்னு சொன்னேனா? கிழியலைன்னுதான் சொன்னேன். பெரிசாக்கலைன்னு சொன்னேனா? நேத்துக் கைக்கு வந்ததுமே திரும்பத் தைச்சுச் சின்னதாக்கிட்டேன். தைச்ச இடமே தெரியாது. சனிக்கிழமை வந்து பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க, கண்டுபிடிச்சீங்கன்னா கடையை உங்க பேருக்கு எழுதித் தர்றேன்.

ஏனா? வயித்துல ஏழு மாசம் தம்பி. இந்த மனுஷன் ஜெயிச்சுக்கிட்டே போனா இன்னும் பெரிய பெரிய தடியனா எதிர்ல வருவான். ஒரு தடவை தோத்தா நிறுத்துவார்னு பார்த்தேன்... நிறுத்தினாரே! அந்த வருஷத்தோட வீட்டுக்கு வந்துட்டாரே! பிள்ளையைத் தூக்கறதுக்கு ரெண்டு கையும் முழுசா இருந்துச்சே!... அவருக்கா? இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இப்பத்தான் கேட்டிருப்பார்.

அதனால அந்த வரிசையைத் திருத்துங்க. ரோமியோ என்ன பண்ணினான்? நான் கட்டிக் குடுத்த மூட்டையைக் குத்தினான். அவனை மூணாவதுக்கு இறக்குங்க... கோவிச்சுக்கட்டும். எங்க வீட்டுக்காரர் ரெண்டுலயே இருக்கட்டும், அவருக்கு அது போதும். சம்மட்டி மார்ச்சுக்கை ஒரே ஒரு ஆள்தான் தோக்கடிச்சிருக்கு. ஊசி நூலோட, உக்காந்த இடத்துலேர்ந்து. எழுதிக்கோங்க: முதல் இடம், வெர்னா மார்ச்சுக். தையல் கடை, கர்லிங் அரங்கத்துக்கு எதிர்ல. ஹாக்கிச் சட்டையும் தைச்சுத் தரப்படும்.

... சிரிங்க, சிரிங்க. எழுதினீங்களா?... லைன் எல்லாம் மினுக்குதா? மினுக்கட்டும். நீங்களே பேசிக்கோங்க, நான் வைக்கணும்.

அவரா?... இருங்க, பார்க்கறேன்... இன்னும் வண்டிக்குள்ளதான்... இறங்கலை... இல்லியே, முகம் தெரியலை. கோட்டை இழுத்துத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்...

குளிரு தம்பி. வெறும் குளிருதான். நான் போய் உள்ள கூட்டிட்டு வர்றேன், வச்சிடறேன்.