வலது பூட்ஸ்

பூட்ஸ் துடைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, மாஸ்டர். என் மாமியாரே ஒப்புக்கொண்ட விஷயம் இது. அவர் எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. மருமகளாக வந்த அன்று அவர் என்னிடம் கொடுத்தது சாவிக்கொத்து அல்ல, பூட்ஸின் அடியில் புல்லைக் கவ்விப் பிடிக்கிற ஸ்டட் குமிழ்களை முறுக்குகிற சின்ன ஸ்பானர். எங்கள் வீட்டில் ஆட்டத்தன்று ஆட்டக்காரன் தன் பூட்ஸைத் தொடமாட்டான். வீட்டுப் பெண்தான் ஸ்டட்களை இறுக்கி, லேஸ் கட்டி அனுப்ப வேண்டும்.

மாமனார் ஃபுட்பாலில் தலையால் முட்டியே கோல் போட்டுப் பேர் வாங்கியவர். இப்போது காலையில் காபி கொடுத்தால், "நீ யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார். என் கணவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறார். ஹால் நிறைய இருவரின் கோப்பைகள். தூசி தட்டுவது நான்.

மகன் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த உங்களுக்குத் தெரியாததா? அந்தச் சனிக்கிழமை பள்ளி ஆட்டத்தைப் பார்க்க வெளியூர் கிளப் ஆள் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் பையனைக் கையோடு கூட்டிப்போய்விடுவார்கள்.

"வேண்டாங்க, அவன் படிக்கட்டும்" என்று கணவரிடம் கெஞ்சினேன்.

"ரத்தத்துல ஓடுறதை நீ நிறுத்திடுவியா?" என்று சிரித்தார்.

என் பேச்சு அந்த வீட்டில் என்றைக்கு எடுபட்டது? அழுதும் பார்த்தேன். கடைசியில் என் கையில் மிச்சமிருந்தது அந்த ஸ்பானர்தான்.

வலது பூட்ஸின் ஸ்டட்களைத் தளர்த்தினேன். ஒரு சுளுக்கோடு போய்விடும் என்று நினைத்தேன். வழக்கம்போல இரட்டை முடிச்சுப் போட்டேன்.

"நீ கட்டுனா எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றான்.

அவன் முழங்கால் திரும்பிய சத்தம் மைதானத்து வேலியோரம் நின்ற எனக்கே கேட்டது. இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நான்தான் காலைத் தப்பா வச்சுட்டேன்" என்று அவன் அழும்போதெல்லாம் தலையைத் தடவிக் கொடுக்கிறேன். எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் பிள்ளை என் கண்ணெதிரே இருக்கிறான்.

நீங்கள் புல்லில் பொறுக்கியெடுத்த ஸ்டட்டைக் காட்டி, எப்படிக் கழன்றது என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். என்னை அப்படிப் பார்க்காதீர்கள்.

இன்று என் சின்ன மகளுக்கு முதல் ஆட்டம். காலையில் புது பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து காலை நீட்டினாள். கட்டிவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவளும் என் பிள்ளைதானே, மாஸ்டர். அவளை மட்டும் எப்படிக் கைவிடுவேன்?