கை காட்டியவன்

அந்த நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், ஐயா. பின்னால் சுவரில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறேன். முதுகு இடித்தால் சரிந்துவிடும். தேத்தண்ணீர் இப்போது வந்துவிடும். ஜெய்னம்பு சீனியைத் தூக்கலாகத்தான் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், கேட்டதில்லை.

நீங்கள் பிரஷாந்தனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். பழனியப்பன் ஜீப்போடு ஈயக்குட்டையில் விழுந்து செத்ததற்குத் தான்தான் காரணம் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். பத்து காஜா டவுனில் உங்கள் ஸ்டேஷனுக்கே வந்து அழுதானாம். அது சரியில்லை. அவனுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. அதைச் சொல்லத்தான் உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆனால் ஜீப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

பழனி எனக்கு அடுத்த வரிசை வீடு. மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நான் ஈப்போ டவுனில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். இப்போது என் மகன் உஸாமா பார்த்துக்கொள்கிறான். கடையை மகனிடம் கொடுத்த பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. பழனிக்கும் போகவில்லை. அப்போதுதான் பத்து காஜா பக்கம், அவன் பிறந்த தோட்டத்தில், பழைய துரையின் லேண்ட் ரோவர் கிடக்கிறது என்று தெரிய வந்தது. ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. புகைக்கூண்டுக்குப் பின்னால் அந்த வண்டி கிடந்தது, அதன் தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு லாலாங் புல் வளர்ந்திருந்தது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து பழனி வீட்டு வாசல் கொட்டகையில் இறக்கினோம். அவன் மனைவி சாந்தினி பார்த்துவிட்டு, இதைப் பழைய இரும்புக்காரன்கூட வேண்டாம் என்று சொல்வான் என்றாள்.

இன்ஜினும் வயரிங்கும் பழனியுடைய வேலை. துருவும் பெயின்ட்டும் என்னுடையது. குழம்புச் சட்டி தேய்த்துப் பழகிய கைக்குத் துரு தேய்ப்பது பெரிய காரியமில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பேன். சில நாள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அவன் கையை நீட்டுவான், எந்த ஸ்பேனர் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஐயா, எனக்குப் பெண்டாட்டி பிள்ளை எல்லாம் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், என் ஆயுளில் நான் நிறைவாக இருந்தது அந்தக் கொட்டகையில்தான்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் ஸ்பிரிங்கை மாற்றி உயரமாக்கினோம். பெரிய டயர் போட்டோம். மாற்று டயர் வேறு பானெட் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருக்கும் தரை தெரியவே தெரியாது. வாசலில் ஒரு பக்கம் கேட் தூண், மறுபக்கம் லோங்காங் மரம். அதனால் நான் முன்னால் போய் நின்று கை காட்டுவேன். உள்ளங்கையை மேலே வைத்து விரலை மடக்கினால் வா. முட்டி பிடித்தால் நில். மணிக்கட்டைச் சாய்த்தால் அந்தப் பக்கம் ஒடி. பாதி விரல் மடக்கினால் பாதி அடி. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நாங்களாக உண்டாக்கிக்கொண்டது. காட்டுப் பாதையிலும் அதுதான். பாறை, ஆறு, வழுக்கும் செம்மண், எதுவானாலும் நான் இறங்கி முன்னால் நடப்பேன், அவன் என் கையை மட்டும் பார்த்து வருவான். ஒருமுறை கோலா கங்சார் பக்கம் போயிருந்தபோது, மற்ற ஜீப்காரர்கள் எல்லோரும் இருக்கும் இடத்தில் என் தோளில் கையைப் போட்டுச் சொன்னான்.

"இவன் கை காட்டுனா போதும்லா, நான் கண்ண மூடிக்கிட்டு வருவேன்."

அன்று வீட்டுக்கு வந்து கை கழுவக்கூட எனக்கு மனம் வரவில்லை.

பிரஷாந்தன் எங்களைப் பார்த்தது அந்த மாதிரி ஒரு கூட்டத்தில்தான். சிலோன்காரக் குடும்பம், அப்பா ஸ்கந்தராஜா பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், பையன் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை வர ஆரம்பித்தான். மரியாதையான பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை மதார் அங்கிள் என்றுதான் கூப்பிடுவான், எனக்கு முதலில் நாற்காலி போடுவான். பிரேக்கை மாற்றினான், விளக்கை மாற்றினான், ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தான். எல்லாம் நல்ல வேலை. முன் கண்ணாடியைச் சுற்றும் ரப்பர் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்ததும் அவன்தான், சீமைக்கு ஆர்டர் கொடுத்ததும் அவன்தான். ரப்பர் மரத்துக்குக் கீழே பிறந்தவன் ரப்பருக்குச் சீமையைப் பார்த்துக் காத்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான் பழனி. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு நான் தொழுதுவிட்டுப் போகும்போது பானெட் ஏற்கனவே திறந்திருக்கும். தேத்தண்ணீர் குடித்த கிளாஸ் இரண்டு காலியாக இருக்கும். என்ன வேலை நடக்கிறது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பழனி கையை நீட்டினால் அந்தப் பையன் ஸ்பேனரை வைத்துவிடுவான், அதுவும் சரியான ஸ்பேனரை. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஐயா. வேறு நல்ல பெயர் ஏதாவது வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பேரன் மடியில் வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கொட்டகையில் இப்போது யார் சிரிக்கிறார்கள் என்றுதான் காது போகும்.

அப்படியும் நான் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். கேமரா வைக்காமல் இருந்திருந்தால்.

ஒரு ஞாயிறு, பழனி என்னைக் கூப்பிட்டு ஓட்டுகிற இருக்கையில் உட்கார வைத்தான். ஸ்டியரிங்கிற்குப் பக்கத்தில் சின்னத் திரை. அதில் தூண் தெரிந்தது, லோங்காங் தெரிந்தது, முன் டயருக்கு அடியில் கிடந்த இலைகூடத் தெரிந்தது. நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் பிரஷாந்தன் நின்று, விளையாட்டாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். பழனி ஜன்னல் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னான்.

"இனிமே நீ இறங்கி வெயில்ல நிக்க வேணாம் மச்சான். வயசாச்சுலா நமக்கு. பின்னால உக்காந்து சும்மா வா."

பின்னால் என்றான், கவனித்தீர்களா. முன் இருக்கை பையனுக்கு. அவன் திரையையும் இன்ஜின் சூட்டையும் பார்க்க வேண்டுமாம். நல்ல காரியம் என்று சொன்னேன். சாந்தினி கொடுத்த தேத்தண்ணீரை முழுதாகக் குடித்தேன். அவன் என் மேல் அக்கறையில்தான் அதைச் செய்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பழைய தோட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. தோட்டத்துக்குப் பின்னால், ஈயம் தோண்டிவிட்ட அந்தக் குட்டையை ஒட்டி ஒரு மண்பாதை போகிறது. அந்த இடத்தில் ஸ்டியரிங்கைப் பிரஷாந்தனிடம் கொடுக்கப்போகிறேன் என்று பழனி என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அவனுக்குத் தெரியாது, பையனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றான். என்னை அந்த வண்டியை ஓட்டச் சொல்லி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தக் குட்டையில் நான் தூண்டில் போடுவதுண்டு. நடுவில் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்ப் பார்த்தேன். பாதை வளைகிற இடத்தில் கரைக்கு அடியில் மணல் கரைந்து போயிருந்தது. மேலே புல்வேர்தான் பிடித்துக்கொண்டிருந்தது. காலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கியது. நான் அங்கே ஒன்றும் செய்யவில்லை, ஐயா. பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் பேரனுக்கு ரம்புத்தான் வாங்கினேன்.

அந்த ஞாயிறு மூன்று பேரும் காலையிலேயே கிளம்பினோம். நான் பின்னால். வாயில் பூச்சி போகிறது என்று பிரஷாந்தன் வழியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டே வந்தான், பழனி அவனைக் கேலி செய்துகொண்டே வந்தான். குட்டைக்கு முன்னால் மூத்திரம் போக வண்டியை நிறுத்தினோம். அவர்கள் இரண்டு பேரும் மரத்துப் பக்கம் போயிருந்தபோது, நான் கட்டை விரலில் சேற்றை எடுத்து அந்தக் கேமராவின் மேல் தடவினேன். அவர்கள் வந்து பார்த்தபோது திரை பூராவும் மங்கலாக இருந்தது. துடைக்கிறேன் என்று பையன் இறங்கினான். துடைத்தாலும் அடுத்த பள்ளத்தில் திரும்பப் படும், நான் முன்னால் நடக்கிறேன் என்று சொன்னேன். பழனிக்குச் சந்தோஷம்தான். பழைய மாதிரியே ஆகிவிட்டது என்றான்.

நான் வளைவுக்கு நடந்து போய் நின்றேன். எனக்குப் பின்னால் அவர்கள் இருக்கை மாறிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அங்கேதான் பிரஷாந்தன் தன் குற்றம் என்று அழுகிறானே, அது நடந்திருக்கிறது. பழனி ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறான். இவன் பயந்துவிட்டான். "வேண்டாம் அங்கிள், மதார் அங்கிள் கை எனக்கு விளங்காது, நீங்களே ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டானாம். அது உண்மைதான். அந்தக் கை பழனிக்கு மட்டும்தான் விளங்கும்.

வண்டி கீழ் கியரில் மெதுவாக வந்தது. குட்டை ஓட்டுகிறவன் பக்கம் இருந்தது. நான் இடது கையைச் சாய்த்து, விரலை மடக்கினேன். வண்டி அந்தப் பக்கம் ஒடிந்தது. இன்னும் பாதி விரல். அதுவும் வந்தது. பிறகு கரை உட்கார்ந்துவிட்டது. பிரஷாந்தன் இந்தப் பக்கம் குதித்துவிட்டான். வண்டி பழனியோடு புரண்டு தண்ணீருக்குள் போனது. ஸ்டியரிங்கிற்கும் இருக்கைக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டான் என்று உங்கள் ஆட்கள்தான் பிறகு சொன்னார்கள். அந்தப் பையன் கை ஒடிந்த நிலையிலும் முங்கி முங்கித் தேடினான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கரை இடிந்துவிட்டது, கண்ணாடியில் வெயில் பட்டதால் நான் நில் என்று காட்டியது அவனுக்குத் தெரியவில்லை என்று அன்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். இப்போது அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் நில் என்று காட்டவில்லை. வா என்று காட்டினேன். ஆனால் அது பிரஷாந்தனுக்குக் காட்டியது. வெயிலில் கண்ணாடி பளபளத்தது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பழனியை நான் ஏன் கொல்லப்போகிறேன்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் கருமாதிக்குப் போயிருந்தேன், ஐயா. கொட்டகையில், எங்கள் வண்டி நின்ற அதே இடத்தில், பிரஷாந்தன் கட்டுப் போட்ட கையோடு தரையில் உட்கார்ந்திருந்தான். சாந்தினி அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "நீ என்னப்பா பண்ணுவ, அவரு தலையெழுத்து" என்று சொன்னாள். வந்தவர்கள் எல்லோரும் அவனிடம்தான் போனார்கள். எனக்கு நாற்காலி போட்டு, "உக்காருங்க அண்ணே" என்று தேத்தண்ணீர் கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி. செத்த பிறகும் பழனியை அவன் எடுத்துக்கொண்டுவிட்டான். அந்தச் சாவையும் என்னால்தான், என்னால்தான் என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான். அது என் கையால் நடந்தது. அவனுக்கு எப்படி அதை விட்டுக்கொடுப்பேன்.

அதையும்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒன்று சொன்னான். கடைசியாகப் பழனி அங்கிள் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்றான்.

அது பொய். அவன் கடைசியாகப் பார்த்தது என்னை. வளைவு திரும்பியதும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என்னைப் பார்த்து உயர்த்தினான். மீசையில் செம்மண் தூசி படிந்திருந்தது. "சொல்லு மச்சான்" என்றான். வாய் நிறையச் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் கண் என் கையை விட்டு எங்கேயும் போகவில்லை. பக்கத்தில் இருந்தவனை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்குள் மீசை எப்படித் தெரிந்தது என்று யோசிக்கிறீர்கள். எழுந்திருக்க வேண்டாம், தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொன்னேனே, அதுதான் ஜீப்பின் முன் கண்ணாடி. புது ரப்பர் வருவதற்குள் பழசைச் சுரண்டி வைக்கலாம் என்று, அந்த ஞாயிறுக்கு முதல் நாளே சட்டத்தோடு கழற்றி இங்கே கொண்டுவந்துவிட்டேன். குட்டைக்கு அது எங்களோடு வரவில்லை.