ஜஹனாராவுக்கு வந்த நோய்

எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா, காதுல மாட்டற அந்தக் குழாயக் கீழ வையுங்க. என் நாத்தனா ஜஹனாராவுக்காகத்தான் வந்தேன். அவளையா? அவள எப்பிடிக் கூட்டினு வர்றது! மாடிப்படி எறங்கவே வுட மாட்டாங்க எங்க மாமியாரு. நான் வந்ததே தையக்காரம்மா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான். வாசல்ல ரிக்‌ஷா நின்னுக்கினு கீது.

சொல்றேன், சொல்றேன். கொஞ்சம் தண்ணி குடுங்க மொதல்ல.

நோம்புப் பெருநாள் முடிஞ்சு ஜஹனாரா தாய் வூட்டுக்கு வந்தா. வந்தவ தல சுத்துது, தல சுத்துதுன்னு படுத்துட்டா. மாமனாரு பதறிப்போய் ஒரு பெரிய டாக்டரக் கூட்டினு வந்தாரு. ஆம்பள டாக்டரு. எங்க வூட்டு வழக்கம் தெரியுமில்ல, குறுக்க படுதா கட்டியாச்சு. அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேரு. கைய மட்டும் வெளிய நீட்டணும். நாடி புடிச்சுப் பாத்தாரு. அப்புறம் குழாயோட நுனிய உள்ள குடுத்து நெஞ்சு மேல வச்சுக்கச் சொன்னாரு. இன்னும் எடது பக்கம், இன்னும் கீழன்னு அவரு சொல்லச் சொல்ல நகத்தணும். ரொம்ப நேரம் கேட்டாரு. மறுபடியும் மொதல்லேருந்து வைக்கச் சொன்னாரு.

எங்ககிட்டயா? ஒரு வார்த்த சொல்லல. வெளிய போயி மாமனாருகிட்ட சொன்னாரு, அதுலயும் பாதி இங்கிலீசு. மாமனாரு மாமியாருகிட்ட சொன்னாரு. அவங்க அழுதுக்கினே எங்ககிட்ட சொன்னப்ப மிஞ்சினது இவ்ளோதான்: நெஞ்சுக்குள்ள ஒரு கதவு கீதாம், அது சரியா மூடலியாம். பாரம் தூக்கக் கூடாதாம். வயித்துல புள்ள தங்கவே கூடாதாம். தங்கினா... அதுக்கு மேல சொல்லாம முந்தானையால வாயப் பொத்திக்கினாங்க.

தங்கினா இன்னாம்மா ஆவும்? பிரசவத்துலயா, இல்ல அதுக்கு முன்னாலயேவா? அந்தக் கதவ மூட மருந்து எதனா... இருங்க, இருங்க, இப்பச் சொல்லிடாதீங்க. நான் முடிச்சிடறேன்.

ஜஹனாராவா? நல்லா உப்பிட்டா! பாதாம் பாலு, ஆட்டுக்கால் சூப்பு. தலசுத்தல் போன எடம் தெரியல. நோம்பு இருந்த அலுப்பு, தூங்கி எழுந்ததும் சரியாப் பூடுச்சு. ஆனா அவ புருஷன் வூட்டுல, இந்தப் பொண்ண வச்சிக்கினு இன்னா பண்றதுன்னு பேசிக்கறாங்களாம். அது அழுவுது பாவம். அது பங்குத் தண்ணிக் கொடத்தையும் நான்தான் மாடிக்கு ஏத்தறேன். ஏத்திட்டு மேல்படியிலயே உக்காந்துடறேன். சீக்காளி அவளா, நீயாடின்னு மாமியாரு கீழேருந்து கத்துவாங்க.

யுத்தத்துல ஜப்பான்காரன் பட்டணத்து மேல குண்டு போடப் போறான்னு ஊரே மூட்ட கட்டிக்கினு ஓடிச்சே, அப்பக்கூட நான் மயிலாப்பூர வுட்டு நகரல. அவ்ளோ தைரியம் எனக்கு. இப்பப் பாருங்க, தையக்காரம்மா பேரச் சொல்லிக்கினு ஒளிஞ்சு வந்து உக்காந்துனு கீறேன்.

ஜஹனாரா நாடியா? அது எப்பிடி ஓடுதுன்னு யாருக்கும் தெரியாதும்மா. அன்னிக்கு அவ, அந்நிய ஆம்பளைக்குக் கை குடுக்க மாட்டேன்னு சுவத்தப் பாத்து சுருண்டுக்கினா. டாக்டரு கெளம்பறேன்றாரு. மாமனாரு வெளியேருந்து சீக்கிரம், சீக்கிரம்ன்றாரு. தல சுத்துதுன்னு டாக்டருகிட்ட வாயால சொல்லியாச்சு, இனிமே கையப் புடிக்கறது சும்மா ஒரு முறைக்குத்தானேன்னு நெனச்சிட்டேன். நானே நீட்டினேன். குழாயையும் நான்தான் வச்சிக்கினேன். வூட்டுல இத எந்த வாயால சொல்றது?

இந்தக் கைதான். புடிச்சுப் பாருங்க. மெதுவாம்மா, வளையலு ஒடஞ்சிடப் போவுது. முழுவாம கீறேன்னு தெரிஞ்சதும் மாமியாரு ஆசையா வாங்கிப் போட்டது.