புயல் பீவி தரையிறங்குகிறாள்

ஆமா மிஸ்ஸி, என் வீட்டுக்காரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாள்னுதான் காலையில சொன்னேன். நர்ஸ் நோட்டுல எழுதிக்கிட்டீங்கல்ல? அப்புறம் டாக்டர் ஏன் திரும்பக் கேக்கச் சொல்றாரு? ரெண்டு குதிகாலும் உடைஞ்சிருக்கா... முதுகுமா? வழுக்கி விழுந்தா அப்படி உடையாதுன்றாரா.

இல்ல, நின்னுக்கிறேன். உக்கார முடியல லா.

என் வேலையா? கார்ட்டூன் செய்றேன், பிரிக்பீல்ட்ஸ்ல சின்ன ஸ்டூடியோ. பதினாறு வருஷம் அடுத்தவன் ஹீரோவுக்குக் கை கால் ஆட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தனுக்கு முதுகுல பறக்குற துணி மட்டும் ரெண்டு வருஷம் வரைஞ்சேன்னா பாத்துக்குங்க. இப்பதான் சொந்தமா ஒண்ணு. புயல் பீவி. உங்க மக பாக்குறாளா? அல்லா! அவகிட்ட சொல்லுங்க, அந்த நடை, இடுப்புல கை வெச்சு மொறைக்கிறது, எல்லாமே உள்ள படுத்திருக்காளே என் ஷிரீன், அவளோடதுதான். சும்மா சொல்லல. முதல்ல ஒரு ஆளை நடக்க வெச்சு, குதிக்க வெச்சு போன்ல பிடிப்போம், அதைப் பாத்துத்தான் வரைவோம். ஆளுக்கு நான் எங்க போவேன்? கட்டிக்கிட்ட நாள்லருந்து அடுப்பை அணைச்சிட்டு வந்து பறப்பா. திட்டிக்கிட்டே பறப்பா.

வரேன் மிஸ்ஸி, கேட்டதுக்குத்தான் வரேன்.

கட்டடத்து மேலருந்து பீவி குதிக்கிற சீன். காப்பார்ல எங்க வீட்டு ஹால்ல மேசை போட்டு, அது மேல நாற்காலி வெச்சேன். மூணு தடவை குதிச்சா. நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் இன்னொண்ணுன்னேன். கீழ வந்ததும் ஒரு முட்டி மடக்கி, தரையில கை ஊனி, அப்படியே சிலை மாதிரி இருக்கணும், ஹீரோன்னா அப்படித்தானே இறங்குவாங்கன்னேன். கால் வலிக்குதுங்கன்னா. இதான் கடைசின்னேன்.

அவ அண்ணன் ஹைதர் வெளியில நிக்கிறாரு. அவருக்கும் பாத்ரூம்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். பயம் மிஸ்ஸி, வேற என்ன. ஆனா அவ நடக்கணும்ல?

இந்தாங்க, போன், அந்தக் கடைசிக் குதிப்பு இதுல இருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க, எவ்வளவு உயரம்னு அவருக்கே தெரியும். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறைச்சிடுங்க. கீழ வந்தவ அசையவே இல்ல, நாப்பது செகண்டு. அதுல கேக்குற குரல் என்னோடதுதான். பிரமாதம் ஷிரீன், அப்படியே இரு, ஆடாதன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.