புளி மண்டியின் மேல்தளம்

காபி நன்றாக இருக்கிறது, சார். டிக்காக்ஷன் மட்டும் கொஞ்சம் நீர்த்துவிட்டது.

பழைய கட்டடங்களை இடிக்காமல் புதுப்பித்துத் தருவது என் தொழில். காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் புளி மண்டியை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல் வளைவுகள், தேக்கு உத்தரங்கள், கன்னம் போல வழவழவென்ற சுண்ணாம்புப் பூச்சு. சுவரில் காதை வைத்துக்கொண்டு சிரித்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

உரிமையாளர் இன்னாசிராஜ் அண்ணன் தங்கமான மனிதர். காபிக்கடையாக மாற்றலாம் என்றதும் சம்மதித்தார். அதன்பிறகு நான் தரையில் நடக்கவேயில்லை, மிதந்தேன். தச்சர் ராமர் ஒவ்வொரு ஜன்னலாக இழைத்து உயிர் கொடுத்தார். மேல்தளத்தில் ஒரு மூலைப் பலகைகள் உளுத்திருந்தன. யாரும் மிதித்துவிடாதபடி குறுக்கே கயிறு கட்டியிருந்தார்.

போன வாரம் அண்ணன் வந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா டெல்பின். ஜவுளிக்கடைக்காரங்க எடத்த கேக்குறாங்க. திங்கக்கெழம இடிச்சிடலாம்னு இருக்கேன்."

"சரிங்கண்ணே. ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். மேல வர்றீங்களா?"

அவர் படியேறுவதற்குள் முன்னால் ஓடிக் கயிற்றை அவிழ்த்தேன். வெயில் வளைவில் விழுந்து மண்டியே பொன்னாக மினுங்கியது. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் பிடித்தேன். என்னைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"கொஞ்சம் பின்னாடி போங்கண்ணே. வளைவு முழுசா வரல."

போனார்.

கீழே ஓடிவந்தேன். நல்லவேளை, தரைக்கல் ஒன்றுகூட உடையவில்லை. பிறகுதான் அவரைப் பார்த்தேன். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் அவர் பிழைத்தால் திங்கட்கிழமையும் வந்துவிடுமே. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, காபிக்கடை எப்படியெல்லாம் இருக்கப்போகிறது என்று விவரமாகச் சொன்னேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி லூர்துராணி அக்கா, "அவரு உசுரு போன எடம். இடிக்க வேணாம், நீயே முடிச்சுக் குடும்மா" என்றார். பாருங்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

நீங்கள்தான் ராமருடைய கவனக்குறைவு என்று சொல்லி அவரைப் பிடித்து வைத்துவிட்டீர்கள். அநியாயம், சார். கயிற்றை அவிழ்த்தது நான். அங்கே நிற்க வைத்தது நான். சாகும்வரை பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஒரு பாவமும் அறியாத மனிதர் கஷ்டப்படுவதை என்னால் தாங்க முடியாது.

கிழக்குப் பக்கத்து ஜன்னல்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன.