சுவரின் மறுமுகம்

தேத்தண்ணீர் ஆறிவிடும், முதலில் அதைக் குடியுங்கள், தம்பி. பிறகு கை நோகாமல் எழுதுங்கள். நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

என் பெயர் சந்திரவதனா. பிறந்தது யாழ்ப்பாணம். பலாபத்வலையில் வாடகை வீடு, மாத்தளையில் அரசாங்கப் பொறியியலாளர் வேலை. திடீரென்று விழும் அடியில் கொங்கிறீட் எப்படி வெடிக்கிறது என்று கம்பியூட்டருக்குள் நடத்திப் பார்ப்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் படிப்பு. உண்மையில் எதையும் உடைக்கத் தேவையில்லை. அமைதியான வேலை.

2008இல், நான் தினமும் வேலைக்குப் போகிற பெரிய வீதியில், ஆமியின் சோதனைச்சாவடிக்கு ஒரு காப்புச் சுவர் கட்டச் சொன்னார்கள். பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கி, பையைக் காட்டி, நடந்து போய் அப்பால் ஏறவேண்டும். பெண்கள் வரிசை சுவருக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ். சுவர் தாங்குமா என்று பார்ப்பது என் பொறுப்பு.

கம்பியூட்டரில் இரண்டு விதமாகப் பார்த்தேன். பாரத்தை மெல்ல மெல்ல ஏற்றினால் ஒரு மயிரிழைக் கீறலும் இல்லை. குண்டு வெடிப்பதுபோல் ஒரே கணத்தில் அடித்தபோது, அடிபட்ட முகம் அப்படியே நின்றது. அதிர்வு உள்ளே ஓடி மறுமுகத்தில் முட்டித் திரும்ப, அந்தப் பக்கம் இழுபட்டுத் தேங்காயளவு துண்டுகளாகத் தெறித்தது. ஆட்கள் நிற்கும் பக்கம்.

முதலாவதைத்தான் அலுவலகத்தில் கொடுத்தேன்.

கோபிக்காதீர்கள். அதற்கு முந்திய மாதம் எங்கள் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிற இராசலிங்கத்தை ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. பையில் ஒரு பாலத்தின் வரைபடம் இருந்தது, அவ்வளவுதான். மனிதர் இன்னும் வரவில்லை. நானோ குண்டையே கம்பியூட்டருக்குள் வைத்துப் பார்த்தவள். பின்முகத்துக்குக் கம்பிவலை அடித்து, வரிசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம். வலை கேட்டால் காரணம் எழுதவேண்டும். எழுதினால், ஒரு தமிழ்ப் பொம்பிளைக்கு இது எப்படித் தெரியும் என்பார்கள். நான் என்ன செய்ய?

சுவரை எழுப்பிய மேசன் அப்துல் ஸமத் கேட்டார்: "மிஸ், நம்ம வீட்டுக்காரியும் தெனம் இங்கதான் நிப்பா. பயமில்லையே?"

"ஒரு பயமும் இல்லை," என்றேன். அவர் முகம் தெளிந்தது. பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அவர் மனைவி பீபி, டவுனில் ஒரு தையல் கடைக்குப் போகிறவள். என் முறை வரும்வரை நான் நூற்றிருபது அடி தள்ளி, மதகடியில், வெயிலில் நிற்பேன்.

"என்னா மிஸ், யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு வெயில்னா சீனியா? இங்க வாங்க, நெழலு இருக்கு!" என்பாள் பீபி.

"விடுடி, நம்ம வேர்வ நாத்தம் அவங்களுக்கு ஆகல," என்று வரிசையிலிருந்து அழகாயி சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

குண்டு வெடித்த அன்று காலை பீபி வரிசையை விட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கு ஒங்ககூடத்தான் நிக்கப்போறேன். அப்படி என்னாதான் இருக்கு இங்கன்னு பாக்குறேன்," என்றாள்.

அவளைப் பார்த்து அழகாயியும் கிளம்பினாள். ஆமிக்காரன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"வேண்டாம் பீபி, அங்காலை போங்கோ. சுவரோட ஒட்டி நில்லுங்கோ, அதுதான் காவல்."

போனாள். அழகாயியும் திரும்பிவிட்டாள். பீபி சொன்னபடியே ஒட்டி நின்றாள்.

குண்டை யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சுவர் விழவில்லை. ஏழு பெண்கள். துண்டுகள் தெறித்த விதம் என் இரண்டாவது படத்தில் இருந்தது போலவே இருந்தது. அது இன்னும் என் கம்பியூட்டரில் கிடக்கிறது. நல்ல வேலை, தம்பி; அழிக்க மனம் வரவில்லை.

பீபி மேல் எனக்கு வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். என் பக்கத்தில் நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் ஒருத்தி வந்தால் மற்றவர்களும் வருவார்கள். நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று ஆமிக்காரனுக்கு விளங்கிவிடும். அதனால்தான் அனுப்பினேன். ஒட்டி நின்றவளுக்கு வலி தெரிந்திருக்காது. அதையும் யோசித்துத்தான் சொன்னேன்.