படத்துக்குச் சரியான மலை

இல்ல அண்ணாச்சி, படம் பொய் சொல்லாது. ப்ளேன் நேரா பறக்காது, அவ்வளவுதான். யுத்தம் முடிஞ்சு சும்மா கெடந்த ப்ளேன். காத்துல ஒரு பக்கமா சாயும், அப்போ மேலேர்ந்து புடிச்ச படமும் கோணலாத்தான் வரும். ஊரு ஒரு மூலையில சப்பிப் போயிருக்கும், இன்னொரு மூலையில வீங்கியிருக்கும். அதை நேராக்கி, வரைபடம் போடுறதுக்குக் குடுக்குததுதான் எங்க சர்வே ஆபீஸ் வேலை. நான் இருட்டு ரூம்ல தினக்கூலி. பேப்பரைச் சாய்ச்சு சாய்ச்சு வெளிச்சம் அடிக்கணும். தரையில அளந்து வச்ச நாலு இடமும் படத்துல அச்சா வந்து விழணும். விழுந்துச்சுன்னா... ஐயோ, அந்த சந்தோசம் இருக்கே! கொஞ்சம் அந்தால நீங்கி இரியுங்க, பஸ் சீட்டுக் கம்பி குத்துது.

சிரிக்கீங்க. ரெட்டைக் கண்ணாடி வழியா ரெண்டு படத்தைச் சேத்துப் பாத்திருந்தா சிரிக்க மாட்டீங்க. அகத்தியமலை எந்திரிச்சு வந்து மூஞ்சில முட்டும்!

பின்ன என்ன கேடுன்னு கேக்கீங்களா? கேடு மலைலதான். நாலு பேரைச் சேத்து போட்டோ புடிக்கும்போ, தலைய முன்னால நீட்டினவன் மண்டை மட்டும் பெருசா விழும், கண்டிருக்கீங்களா? உச்சியும் அப்படித்தான், கேமராவுக்குக் கிட்ட. எவ்வளவு நேராக்கினாலும் இடம் தள்ளித்தான் விழும். தரைக்கு ஒத்த படம் மலைக்கு ஒக்காது. மனசிலாச்சா?

எங்க அனந்தபத்மநாபன் சாருக்கு அது தெரியாதான்னா, நல்லாத் தெரியும். ஆனா படம் சரியான்னு சோதிக்க எங்க போவாரு? கார் போற எடத்துக்கு. பாலம், சந்தை, முக்கு. அதுவும் எந்த எடத்தை வச்சு நேராக்கினோமோ, அதே எடம்! ஒருத்தனுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டைய அவனுக்கே மாட்டிப் பாத்துட்டு, ஊருக்கெல்லாம் பொருந்தும்னு சொன்னா எப்படி?

மேலிடத்துல எவனோ வெவரம் தெரிஞ்சவன், மலைலயும் ஒரு எடம் அளங்கன்னுட்டான். சங்கிலி புடிச்சு அளக்குத நேசையனை அனுப்பினாங்க. அகத்தியமலை அடிவாரத்துல போனக்காடு எஸ்டேட்டு, அந்த மழையில ஊறிக்கிட்டு, தேயிலை பாக்டரிலேர்ந்து உச்சிப் பாறை வரைக்கும் அளந்துட்டு வந்தான். படத்துக்கும் தரைக்கும் முந்நூறு அடி வித்தியாசம்.

சார் என்ன சொன்னாரு தெரியுமா? படம் குடிக்காது, நேசையன் குடிப்பான்னாரு. ஆபீஸ்ல அத்தனை பேரு இருக்கும்போ! கர்த்தர் சத்தியமா அவன் கள்ளு மணத்தைக்கூட... சாரமில்ல, விடுங்க. அன்னைக்கே சீட்டைக் கிழிச்சாச்சு.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா... நேசையன் என் கூடப்பொறந்தவன், அண்ணாச்சி. எனக்கு மூத்தவன்.

இப்போ நானும் போனக்காட்டுக்குத்தான். அதே பாறை. திரும்ப அளக்கச் சொல்லி சார் அனுப்பியிருக்காரு. சரியா அளந்துட்டு வந்தா அண்ணன் பாத்த வேலை எனக்கு. நிரந்தரம். ஆமா, சரியான்னா படத்துக்குச் சரியா. எத்தனை அடி வரணும்னு நேத்தே சொல்லிட்டாரு.

அண்ணனுக்குத் தெரியாம என்ன? அவன்தான் தம்பானூர்ல பஸ் ஏத்திவிட்டான். மதினி கட்டுச்சோறும் குடுத்துவிட்டா. வழியில வித்துராவுல ஒரு சாயா குடிச்சுட்டு அப்படியே திரும்பிரு டே, எத்தனை அடின்னுதான் முன்னமே சொல்லியாச்சே, மேல போய் வீணா எதுக்கு அட்டைக்குக் காலக் குடுக்கணும்னான்.